மீட்டர்காரர் வந்துகொண்டிருந்த வயல்

மீட்டர்காரர் ஓடைக்கரையிலிருந்து தேவாலயத்துக்கு நடந்து வந்து சேர எடுத்துக்கொண்டது பதினோரு வருடம். ஓடைக்கும் தேவாலயத்தின் மதிலுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வயல்தான். மற்றவர்கள் பற்றவைத்த சிகரெட் முடிவதற்குள் அதைத் தாண்டிவிடுவார்கள். அவருக்குக் காலில் குறை எதுவும் கிடையாது. வழியில் யாரும் மறிக்கவில்லை. எங்கேயும் உட்கார்ந்து இளைப்பாறவும் இல்லை. கையில் போனைப் பிடித்தபடி, அதிலிருக்கும் அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து, பதினோரு வருடமும் நடந்துகொண்டேதான் இருந்தார். மதிலில் உட்கார்ந்து பார்த்தால் அவருடைய நீலச் சட்டையின் பொத்தான்கள்கூடத் தெரியும்.

அப்படி உட்கார்ந்து பார்த்தவள் அவருடைய மனைவி. பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்பே சூடாக ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவாள். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படிக்கிறவர். வார நாட்களில் அந்த வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா தேடுகிற வேலை. அது ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு அந்த இடத்தைக் காட்டும் வரைபட எண்ணை இணையத்தில் போட்டுவிடுவார். எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டு தேடிப் போகிறவர்கள் டப்பாவைக் கண்டுபிடித்துத் திறந்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். இதில் என்ன கிடைக்கும் என்று அவள் கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "கிடைக்கிறதுதான் கிடைக்கும்" என்றார். அவளுக்குப் புரியவில்லை, பிறகு கேட்கவும் இல்லை. அவளுக்குப் பிரசவ வலி வந்த அன்று அவர் ஒரு பாலத்துக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பாவை அடக்கம் செய்த அன்று மண்ணை மூடி எல்லோரும் கை கழுவிய பிறகு, முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து நின்றார். கேட்டால், "அதான் வந்துட்டேன்ல" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தக்கூட மாட்டார். ஆள் மட்டும் இருக்கமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனது வரிசையாக ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடி. கடைசி டப்பா அந்தப் பழைய கல் தேவாலயத்தின் மதிலில், பெயர்ந்த கல் ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு முந்தையது ஓடைக்கு அந்தப் பக்கம், கைவிட்ட பம்ப் அறையில். வண்டியில் போகும்போது அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "இன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். பாப்பாவையும் கூட்டிட்டு. திரும்பி வர்றதா இல்ல." அவர் போனில் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் அறை வந்ததும் இறங்கி, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "சர்ச்சுக்கு வந்துடறேன். அங்க உக்காந்து பேசிக்கலாம். நீ வண்டிய ரோட்டு வழியா சுத்தி எடுத்துட்டு வா, நான் வயல்ல குறுக்கால வந்துடறேன்." நாலு வயதுக் குழந்தை பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் வந்து மதிலில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நாணல் விலகி அவர் வெளியே வந்து கையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். குழந்தை எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்றது. கூட்டிப்போய்த் திரும்பி வந்தால் அவர் நடந்துகொண்டிருந்தார். பிஸ்கட் கேட்டது, கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் நடந்துகொண்டிருந்தார். போன் போட்டாள். "உனக்கு நேராத்தானே வர்றேன், தெரியலையா? ரெண்டு நிமிஷம்" என்றார். வெயில் இறங்கியது. அவர் மேல் மட்டும் இறங்கவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து, இருந்த ஆத்திரம் முழுவதையும் கூட்டிக்கொண்டு அந்த நீலச் சட்டையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். சட்டை அதே தூரத்தில் இருந்தது. திடீரென்று காலில் தண்ணீர் பட்டது. ஓடை. திரும்பிப் பார்த்தால் அவர் முதுகைக் காட்டியபடி தேவாலயத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். துரத்திக்கொண்டு ஓடினாள். மதிலில் போய் முட்டிக்கொண்டாள்.

மறுநாள் போலீஸ் வந்து வயலுக்குள் போய் ஓடையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியது. தீயணைப்புக்காரர்களும் நனைத்தார்கள். நில அளவைக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்து, வயல் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறது, அந்த ஆள் மட்டும் அதில் எந்த இடத்திலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டப்பாவை ஒளித்து வைத்த பல் டாக்டர் ஓடிவந்து, கையைப் பிசைந்துகொண்டே அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை, மீட்டர்காரர் வந்துகொண்டிருந்தது எண்ணை நோக்கித்தான், டப்பாவை நோக்கி அல்ல. இணையத்தில் எண்ணை மாற்றிப் பார்த்தார். மீட்டர்காரரின் போனில் இருந்தது அன்று மத்தியானம் ஏற்றிய எண். பல் டாக்டர் டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டுப் போய்விட்டார். வயலின் சொந்தக்காரர் மட்டும் கொஞ்சநாள் குறைப்பட்டுக்கொண்டார்: இருட்டிய பிறகும் அந்த மனிதர் மேல் நாலு மணி வெயில் அடிப்பதால் பறவைகள் அடைவதில்லை, பயிர் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று. பிறகு உழவை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்.

பேச நினைத்தால் எப்போதும் பேசலாம். அவருடைய போனில் சார்ஜ் குறையவே இல்லை. ஆனால் அவள் ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டாலும், "என்ன, இப்பதானே வெச்சே?" என்றுதான் எடுப்பார். நாள் ஓடுவதை அவள் சொன்னால் சிரிப்பார். "வெயில்ல உக்காந்து தலை சுத்துதா? தண்ணி குடி. வந்துடறேன்." அழுதும் பார்த்தாள். "ஏய், எதுக்கு அழறே? அதான் பேசிக்கலாம்னு சொன்னேன்ல" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முடிவு செய்தபடி அவள் அக்கா வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். போன கொஞ்ச நாளில் தேவாலயத்தின் சாவியை வைத்திருப்பவர் போன் செய்தார். மாதத்துக்கு ஒரு பூசை மட்டும் நடக்கிற இடம் அது. மீதி நாட்களில் அதைப் பெருக்குவது, மணியடிப்பது, ஓட்டை ஓட்டுக்கு அடியில் வாளி வைப்பது எல்லாம் சாவிக்காரர்தான். "அம்மா, மனுஷன் பின்னாடி போயிட்டே இருக்காரு" என்றார். "நடக்கிறது என்னவோ முன்னாடிதான் நடக்கிறாரு. ஆனா சின்னதாயிட்டே வர்றாரு. நேத்து சட்டை தெரிஞ்சுது, இன்னைக்கு ஆளே குச்சி மாதிரி இருக்காரு." அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து மதிலில் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அவர் பழைய தூரத்துக்கு வந்துவிட்டார். அடுத்த முறை போனபோதும் இதேதான் நடந்தது. மூன்றாம் முறை ஒரு புள்ளியாகி நாணலோடு கலந்துவிட்டார். திரும்ப ஆளாகத் தெரிவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதன் பிறகு மதியத்துக்குள் திரும்ப முடியாத எங்கேயும் அவள் போகவில்லை. தேவாலயத்தை ஒட்டிய பொருள் அறையில், மெழுகுவர்த்திப் பெட்டிகளையும் பூச்சி அரித்த அங்கிகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுச் சாவிக்காரர் கட்டில் போட்டுக் கொடுத்தார். திறந்தால் இருமிவிட்டுத் தண்ணீர் விடுகிற ஒரு குழாய் இருந்தது. குழந்தை அந்தக் குழாய்க்குக் கீழே வளர்ந்தது.

இப்படியாக அவள் விட்டுவிட்டுப் போக இருந்த மனிதனுக்காகக் காத்திருக்கிறவள் ஆனாள். டப்பா தேடி வருகிறவர்கள் அதிகமானார்கள். பெயரை எழுதிவிட்டு, வயலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளையும் எடுத்து, காத்திருக்கும் மனைவி என்று போட்டார்கள். இப்படியும் ஒரு பத்தினியா என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று அவள் பொருள் அறைக்குள் போய், ஓர் அங்கியை வாயில் அடைத்துக்கொண்டு கத்தினாள். வக்கீலைப் பார்த்தாள். விவாகரத்து நோட்டீஸைக் கையில் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொண்டுபோன கோர்ட் சிப்பந்தி ஓடையில் நனைந்து, காகிதத்தை உலர்த்திக்கொண்டு திரும்பினார். காணாமல் போனவர் என்று எழுதித் தரச் சொன்னாள். "எப்படிம்மா எழுதறது, அதோ தெரியறாரே" என்றார்கள். பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். தட்டை ஏற்றிக் கொடுக்கும்போது ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு, "என் வீட்ல இடம் இருக்கு" என்றார். அவள் அன்று ரொட்டியைத் தப்பான கடைகளில் போட்டாள். அடுத்த வாரம், "அவர் வந்துட்டிருக்காரு, அண்ணே" என்றாள். அண்ணே என்று சொன்னதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒருமுறை பொய்யும் சொன்னாள். அவர் வராமல் இருப்பதற்குக் காரணம், வந்ததும் கேட்கப்போகிற வார்த்தைதான் என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்து முடிவுக்கு வந்திருந்தாள். போன் போட்டு, "நான் எங்கயும் போகலங்க, எல்லாத்தையும் மறந்துடலாம், பேசாம வந்துடுங்க, நாம வீட்டுக்குப் போலாம்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "நெஜமாவா?" என்றார் அவர். சாவிக்காரர் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். நீலச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. முகத்தில் வியர்வை மினுங்குவது தெரிந்தது. அப்புறம் அவர் நடை தளர்ந்தது. "நீ பொய் சொல்றப்ப மூச்சு விடாம பேசுவே" என்றார் வருத்தமாக. மறுபடி பழைய தூரம். அதன் பிறகு அவள் அவரை உண்மையாகவே விரும்பிப் பார்க்க முயன்றாள். சில காலைகளில் கொஞ்சம் முடிந்தது. கடைசிக் கடையில் ரொட்டியை இறக்குவதற்குள் அது ஆறிவிடும்.

இந்த வருடங்களில் பாப்பா வளர்ந்தாள். நாலு வயதில் அப்பா என்று கையை நீட்டி அழுதாள். எட்டு வயதில் பள்ளிக்குப் போகும்போது டாட்டா காட்டிவிட்டுப் போனாள். அவரும் காட்டினார், மதிலில் யாரோ ஒரு சிறுமி நிற்கிறாள் என்று. பன்னிரண்டில் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பதினைந்தில் அவளுக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது. பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கலாம். அம்மா வர முடியாது.

"நீ இங்க உக்காந்தே செத்துடுவே, நான் அங்க உக்காந்து படிக்கணுமா?" என்று கேட்டாள் பாப்பா.

"நான் என்ன பண்ணட்டும்டி? விட்டுட்டுப் போனா மனுஷன் இல்லாமலே போயிடறாரு."

"உனக்குத்தான் அவரைப் பிடிக்காதே."

"பிடிக்கலைன்னா? கொன்னுடவா?"

அந்த வாரம் முழுவதும் பாப்பா பள்ளிவிட்டதும் ஓடைக்கரைக்குப் போய் அவருடைய முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இதுவரைக்கும் எல்லோரும் அவரை எதிர்கொள்ளப் போனார்கள், இல்லையென்றால் துரத்திப் போனார்கள். அவர் காலை வைக்கும்போது காலை வைத்து, அவர் எடுக்கும்போது எடுத்து, அவருடைய நடையிலேயே அவர் பின்னால் போக யாருக்கும் தோன்றவில்லை. அவர் இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைப்பதையும், அம்புக்குறியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அரை அடி சறுக்குவதையும் அவள் கரையிலேயே நடந்து நடந்து பழகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நல்ல மழை. ரொட்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய அம்மா பழக்கத்தில் வயலைப் பார்த்தாள். வயலில் இரண்டு பேர் இருந்தார்கள். முன்னால் நீலச் சட்டை. பின்னால், வெகு தூரத்தில், புத்தகப் பையோடு ஒரு பெண். வயல் முழுக்கக் கொட்டுகிற மழை இரண்டு பேர் மேலும் விழவில்லை. இரண்டு பேர் மேலும் வெயில். இரண்டு பேருடைய நிழலும் ஒரே பக்கம் நீண்டு கிடந்தது. பாப்பாவின் போன் பொருள் அறையில் சார்ஜில் கிடந்தது. அம்மா அவள் பேரைச் சொல்லிக் கத்தினாள். வயலில் இறங்கி ஓடினாள், காலில் ஓடை. திரும்பி ஓடினாள், நெஞ்சில் மதில். மறுபடியும் ஓடை, மறுபடியும் மதில். செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. சாவிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே ஓடி மணியை அடித்துக்கொண்டே இருந்தார். பாப்பா சின்னதாகிக்கொண்டிருந்தாள். அவருடைய நடை பழகிய கால் அவளையும் அந்த வெயிலுக்குள் கொண்டுபோய்விட்டது. இனி அவள் வந்து சேரவும் பதினோரு வருடமோ, அதற்கு மேலோ.

அம்மா போனை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினாள்.

"என்ன, இப்பதானே வெச்சே?"

"திரும்பிப் பாருங்க. பாப்பா உங்க பின்னாடி வர்றா."

"பாப்பா வண்டியில தூங்கறால்ல?"

"பாப்பாவுக்குப் பதினஞ்சு வயசுங்க!"

அவர் சிரித்தார். "தண்ணி குடின்னு சொன்னேன்ல. இதோ, மதிலே வந்துடுச்சு…"

"நில்லு!" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. "நில்லு. நான் சொல்றதைக் கேளு. மூச்சு விட்டுட்டுத்தான் பேசறேன், நல்லா கேட்டுக்கோ." போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். மழைத்தண்ணீர் உதட்டில் ஓடியது. "நீ பதினோரு வருஷமா வந்துட்டே இருக்கே." மூச்சு. "நான் போகத்தான் போறேன். நீ வந்தாலும் போவேன், வராட்டியும் போவேன். எனக்கு நீ வேணாம்." மூச்சு. "ஆனா பின்னாடி வர்றது உன் பிள்ளை. நீ என்னைக்கும் எதுக்கும் வந்ததில்ல. இதுக்காவது… அவளை அங்க விட்டுட்டு வந்துடாத."

மீட்டர்காரர் நின்றார்.

உள்ளே மணியும் நின்றது. சாவிக்காரர் வாசலுக்கு வந்து, மழையிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். நீலச் சட்டை மெதுவாகத் திரும்பியது. போனை அவர் வைக்கவில்லை; கையோடு தொங்கவிட்டிருக்க வேண்டும். அவளுக்கு அங்கே அடிக்கிற காற்று கேட்டது, அப்புறம் ஓடி வருகிற செருப்புச் சத்தம், இளைப்பு.

"யாரும்மா நீ? டப்பா தேடி வந்தியா?"

"இல்ல. உங்களைத் தேடி."

"என்னையா? என்னை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க எங்கப்பா."

செருப்புச் சத்தம் ஓரடி கிட்டே வந்து நின்றது.

"காலையிலதான் உன்னைத் தோள்ல வெச்சுத் தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தினேன்" என்றது அவருடைய குரல்.

"அம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

பிறகு கேட்டது ஓர் ஆண் அழுகிற சத்தம். அவருடைய அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது அவள் கேட்டதில்லை. மழையில் மதிலைப் பிடித்துக்கொண்டு அதை முழுவதும் கேட்டாள். கடைசியில், "கையக் குடு" என்றார். "இங்க கல்லு இருக்கு. பாத்து வா."

இரண்டு பேரும் வந்தார்கள். பொத்தான் தெரிகிற தூரம் கடந்தது, வியர்வை தெரிகிற தூரம் கடந்தது, புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்யும்போது தாடையில் பட்ட கீறல் தெரிந்தது. மதிலுக்குக் கீழே வந்து நின்றார். பெண் அவர் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். இருந்தாலும் நாலு வயதுக் குழந்தையைத் தூக்குவதுபோல அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மதிலின் மேல் உட்கார வைத்தார். அம்மா அவளை அப்படியே வாரி இறுக்கிக்கொண்டு, முதுகில் ஓர் அறையும் வைத்தாள். அவர் ஏறி வந்து மழைக்குள் நின்றார். சட்டை நனையத் தொடங்கியது. மனைவியின் நரைத்த முடியையும் கண்ணாடியையும் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சா?"

"ஆமா" என்றாள்.

"நீ சொல்ல வந்ததைச் சொல்லிடு."

"அதான் போன்ல சொல்லிட்டேனே."

"நேர்ல சொல்லு. கேக்கத்தானே வந்தேன்."

அவள் சொன்னாள். இத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "நான் போறேன்" என்பது மட்டும் வந்தது. சொன்னதும் இலேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள், ஈரக் கல்லில் வெறுங்கால்தான் வழுக்கியது. அவர் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, "சரி" என்றார். "பாப்பா?" "என்கூட." "ஞாயித்துக்கிழமை?" அவள் மகளைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்" என்றாள் பாப்பா.

டப்பா ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தீர்களா என்று மறுநாள் வந்தவர்கள் கேட்டபோது, மறந்துவிட்டதாகச் சொன்னார். மின்சார அலுவலகத்தில் பதினோரு வருடத்தையும் ஒரே லீவாகப் போட்டு, தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டார்கள். வயல் பெரிதாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள். சாவிக்காரர் பொருள் அறையை அவருக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தத்தில் போய் நின்றார். ஒரு வாரமும் பிந்தியதில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து நடந்தால் அண்ணனும் தங்கையும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்தார்கள்.

அம்மா நகரத்தில் வேறொரு பேக்கரி வண்டியில் சேர்ந்தாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் மாடி அறை ஒன்று கிடைத்தது. குடிபோன சில நாட்களில் கீழ் வீட்டுப் பெண், கொடியில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்: "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, காலையில பாப்பா ஸ்கூலுக்குப் போறப்ப எல்லாரு நிழலும் அந்தப் பக்கம் விழுது, அவளோடது மட்டும் இந்தப் பக்கம் நீளமா விழுதே?"

"அவங்கப்பாவைக் கூட்டிட்டு வரப் போனா. அதுலேர்ந்து அப்படித்தான்" என்றாள் அவள்.

"ஓ" என்றாள் கீழ் வீட்டுப் பெண். சட்டை ஒன்றை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, நாளைக்கு வரும்போது தனக்கும் ரெண்டு ரொட்டி எடுத்துவர முடியுமா என்று கேட்டாள்.